மலையேறும் காற்று

“அந்தக் காலமெல்லாம் மலையேறிவிட்டது” என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பூஜையில் ஏற்றிவைத்த விளக்கு அணைந்தால், ‘அணைந்தது’ என்று சொல்ல மனம் வராமல், “விளக்கு மலையேறிவிட்டது” என்கிறோம். சாமியாடியின் மேல் வந்த தெய்வம் விடைபெற்றுச் செல்வதும் மலையேறுவதுதான். தமிழ் வழக்கில் மலையேறியது எளிதில் திரும்புவதில்லை. ஆனால் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும், வானம் தெளிந்த நாட்களில் காலையில் மலையேறி, இரவில் இறங்கி வந்துவிடும் ஒன்று உண்டு. அதுதான் காற்று!

இவ்வாறு மலைச்சரிவில் ஏறும் காற்றுக்கு வானிலை விஞ்ஞானிகள் ஓர் அரிய ஆங்கிலச் சொல்லை வழங்குகின்றனர். ‘அனபாட்டிக்’ என்பது அச்சொல். அன்றாட ஆங்கிலத்தில் இதைக் காண்பது அரிது. ஆயினும் இச்சொல் குறிக்கும் செயலோ மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வாழ்வோரின் கண்ணெதிரே நடப்பது. அதை அறிந்துகொள்வது வெறும் சொல்லறிவு அன்று. சில வேளைகளில் உயிர் காக்கும் அறிவும் ஆகும். எவ்வாறு என்று பார்ப்போம்.

சொல் பிறந்த கதை

கிரேக்க மொழியில் ‘அனா’ என்றால் மேல்நோக்கி. ‘பைனெய்ன்’ என்றால் நடத்தல், செல்லுதல். இரண்டும் சேர்ந்து ‘மேலே செல்லுதல்’ என்ற பொருளைத் தரும். இந்த ஒரே வேரிலிருந்து ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல துறைகளில் சொற்கள் கிளைத்துள்ளன.

முதலாவது வரலாறு. கி.மு. 401-இல் பாரசீக இளவரசன் சைரஸ் தன் அண்ணனிடமிருந்து அரியணையைப் பறிக்கக் கிரேக்கக் கூலிப்படையுடன் புறப்பட்டான். அப்படையில் சென்ற செனபோன் என்பவர் அந்த அனுபவத்தை நூலாக எழுதினார். அதன் பெயர் ‘அனபாசிஸ்’. கடற்கரைப் பகுதியிலிருந்து உள்நாட்டை நோக்கிச் செல்வது கிரேக்கர்களுக்கு ‘மேலே செல்வது’. போரில் சைரஸ் மாண்டதால் படை திரும்ப நேர்ந்தது. நூலின் பெரும்பகுதி அந்தத் திரும்பும் பயணத்தையே சொல்கிறது என்பது வேடிக்கை.

இரண்டாவது மருத்துவம். பண்டைய கிரேக்க மருத்துவர்கள் நோய்க்குத் தொடக்கம், ஏற்றம், உச்சம், இறக்கம் என நான்கு நிலைகளைக் கூறினர். அவற்றுள் ஏற்ற நிலைக்கு ‘அனபாசிஸ்’ என்று பெயர். இன்றும் நாம் “காய்ச்சல் ஏறுகிறது” என்றுதானே சொல்கிறோம்?

மூன்றாவது உதாரணம் நம் நாட்டுக்கே உரியது. நம் குளங்களில் வாழும் பனையேறிக் கெண்டைக்கு விலங்கியலார் இட்ட பேரினப் பெயர் ‘அனபாஸ்’. டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியில் பணிபுரிந்த தால்டார்ஃப் என்பவர், 1791-இல் தரங்கம்பாடியில் இந்த மீன் ஒரு பனைமரத்தில், நீர்மட்டத்திலிருந்து ஐந்தடி உயரத்தில் ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டதாக எழுதினார். இம்மீனுக்குச் செவுள்களோடு காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பும் உண்டு. குளம் வற்றினால், முட்கள் கொண்ட செவுள்மூடிகளை ஊன்றி, வாலால் உந்தி, ஈரத்தரையில் ஊர்ந்து அடுத்த குளத்திற்குச் சென்றுவிடும். பனை உச்சிவரை ஏறும் என்பதற்குச் சான்றில்லை. மரத்தில் காணப்படும் மீன்களைப் பறவைகள் கொண்டுபோய்ப் போட்டிருக்கலாம் என்பது பிற்கால விளக்கம். ஆனால் தமிழ்ப் பெயரின் பொருளும் அறிவியற் பெயரின் பொருளும் ஒன்றுதான்: ஏறுவது!

நான்காவது பயன்தான் நம் கட்டுரையின் பொருளான காற்று. அனபாட்டிக் காற்று என்பதைத் தமிழில் ‘ஏறுகாற்று’ எனலாம்.

காற்று ஏன் ஏறுகிறது?

சூடான காற்று மேலெழும் என்பது நாம் அறிந்ததே. அப்படியானால் அது நேர் மேலே போகாமல் மலைச்சரிவைப் பற்றிக்கொண்டு ஏன் ஏற வேண்டும்?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே உள்ள மலையில், 600 மீட்டர் உயரத்தில் ஒரு பாறையை எண்ணிக்கொள்ளுங்கள். வெயிலில் பாறை சூடாகிறது. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் சூடாகிறது. இப்போது அதே 600 மீட்டர் உயரத்தில், ஊருக்கு நேர் மேலே உள்ள காற்றை எண்ணுங்கள். அதற்கு அருகில் சூடேற்றத் தரையே இல்லை. ஆகவே ஒரே உயரத்தில், மலையை ஒட்டிய காற்று சூடாகவும் இலேசாகவும் இருக்கிறது. சமவெளிக்கு மேலுள்ள காற்று குளிர்ந்தும் கனத்தும் இருக்கிறது. கனத்த காற்று மலைப்பக்கம் நகர்ந்து இலேசான காற்றை உந்துகிறது. உந்தப்பட்ட காற்றுக்கு ஒரு பக்கம் மலை. மறுபக்கம் தள்ளிவரும் காற்று. அது சரிவை ஒட்டியே மேலேறுகிறது.

இது புயலைப்போல் மரத்தைச் சாய்க்கும் காற்று அன்று. பெரும்பாலும் வினாடிக்கு சில மீட்டர் வேகம்தான். ஒருவர் சைக்கிள் ஓட்டும் வேகம் என்று கொள்ளலாம். சரிவை ஒட்டிச் சுமார் 100, 200 மீட்டர் கனத்திற்கு ஒரு போர்வை போல இது நகர்கிறது. ஆனால் ஒரு மலைத்தொடரின் நீளம் முழுவதும் இப்படி நகரும்போது, மேலே கொண்டு செல்லப்படும் காற்றின் அளவு மிகப் பெரியது.

பாடநூல்களில் ‘பள்ளத்தாக்குக் காற்று’ என்றும் ‘மலைக்காற்று’ என்றும் படித்திருப்பீர்கள். மாணவர்கள் பலர் இவற்றை மாற்றி எழுதிவிடுவதுண்டு. காற்றுக்குப் பெயர், அது புறப்படும் இடத்தைக்கொண்டு இடப்படுகிறது என்பதை நினைவில் வைத்தால் குழப்பமில்லை. பகலில் பள்ளத்திலிருந்து புறப்பட்டு ஏறுவது பள்ளத்தாக்குக் காற்று. இரவில் மலையிலிருந்து இறங்குவது மலைக்காற்று.

கிழக்குச் சரிவின் கடிகாரம்

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மலைத்தொடரின் கிழக்கே அமைந்தவை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்தில் ஊர்கள் இருக்க, சற்றுத் தொலைவிலேயே மலை எழுந்து, சில முகடுகள் 2000 மீட்டரை எட்டுகின்றன. இந்த ஊர்களிலிருந்து பார்க்கும் சரிவுகள் கிழக்கு நோக்கியவை. இதனால் இங்கு ஏறுகாற்றின் கடிகாரம் சற்று முன்னதாகவே ஓடுகிறது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். மார்ச் மாதத்தில் காலை சுமார் எட்டரை மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் இருக்கும். அப்போது சமவெளியின் ஒரு சதுர மீட்டர், நேர் வெயிலில் பாதியைத்தான் பெறும். ஆனால் 30 பாகை சாய்வுடன் கிழக்கு நோக்கிய சரிவு, நேர் வெயிலில் 87 விழுக்காட்டைப் பெற்றுவிடும். அதாவது வயற்காட்டைவிட 1.7 மடங்கு வெப்பம்! ஆகவே வயல் சூடேறுமுன் மலை சூடேறிவிடுகிறது. காற்று ஏறத் தொடங்கிவிடுகிறது.

மாலையில் நிலைமை தலைகீழ். சுமார் நாலேகால் மணிக்குச் சூரியன் மேற்கே 30 பாகைக்கு இறங்கும்போது, அதே சரிவுக்கு நேர் வெயில் அறவே நின்றுவிடும். ஊரில் வெயில் இருக்கும்போதே மலை நிழலுக்குள் போய்விடுகிறது. ஏறுகாற்று தளர்கிறது, பின் இறங்குகாற்று தொடங்குகிறது.

ஏற ஏறக் குளிரும்

சைக்கிளுக்குப் பம்பினால் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுகிறதல்லவா? காற்று அமுக்கப்படும்போது சூடாகிறது. இதற்கு மாறாக, காற்று விரியும்போது குளிர்கிறது. மலையேறும் காற்றின்மேல் உள்ள அழுத்தம் உயரே செல்லச் செல்லக் குறைகிறது. எனவே அது விரிகிறது. தன் வெப்பத்தையே செலவழித்து விரிவதால் குளிர்கிறது. ஈரம் திரளாத காற்று ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஏறத்தாழ 10 டிகிரி சென்டிகிரேடு குளிரும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் ராஜகோபுரத்தின் உயரம் ஏறக்குறைய 60 மீட்டர். காற்று அந்த உயரம் ஏறினால் 0.6 டிகிரி குளிரும், நமக்குத் தெரியாது. அதே காற்று மலைமுகடுவரை ஏறினால் 18 டிகிரி குளிர்ந்துவிடும். அங்கேதான் விந்தை நிகழ்கிறது.

காற்றில் கண்ணுக்குப் புலப்படாத நீராவி உள்ளது. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் குளிர்ந்தவுடன் அது துளிகளாகத் திரளும். அந்த வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். மேகம் எந்த உயரத்தில் தோன்றும் என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. தரையில் உள்ள வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் உள்ள வேறுபாட்டை 125-ஆல் பெருக்கினால், மேகத்தின் அடிப்பாகம் தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கும் என்பது தோராயமாகக் கிடைக்கும்.

ஒரு மே மாதப் பகலில் ராஜபாளையத்தில் வெப்பநிலை 36 டிகிரி, பனிநிலை 22 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 14. அதை 125-ஆல் பெருக்க 1750 மீட்டர். ஊரின் உயரம் 150-ஐயும் கூட்டினால் 1900 மீட்டர். ஏறக்குறைய முகட்டின் உயரம். எனவேதான் கோடைப்பகலில் ஊருக்கு மேலே வானம் தெளிந்திருக்க, மலையுச்சியில் மட்டும் பஞ்சுப்பொதிகள் அடுக்கி வைத்தாற்போல் மேகம் தோன்றுகிறது. ஐப்பசியில் வெப்பநிலை 32, பனிநிலை 24 என்று கொண்டால், மேகம் 1150 மீட்டரிலேயே தோன்றி மலையின் இடுப்பைச் சுற்றிக்கொள்ளும்.

ஏறுவதும் ஏற்றப்படுவதும்

மலையில் ஏறும் காற்றெல்லாம் ஏறுகாற்று அன்று. வெயிலின் சூட்டால் தானே ஏறுவது ஒன்று. பருவக்காற்று வந்து மோதி, வழியின்றி ஏற்றப்படுவது மற்றொன்று. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிய வேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கத்துச் சரிவில் மோதி ஏற்றப்படுகிறது. அங்கே மழை கொட்டுகிறது. முகட்டைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது காற்று அமுங்கிச் சூடாகிறது; மேகம் கலைகிறது. நாம் மழைமறைவுப் பகுதியில் இருக்கிறோம் என்பதன் பொருள் இதுவே. விருதுநகர் மாவட்டம் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழையையே பெறுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று வங்கக்கடலிலிருந்து வந்து நம் பக்கத்துச் சரிவில் மோதுகிறது. அப்போது இங்கே மழை.

இவ்விரண்டு பருவங்களிலும் பெரிய காற்று வீசும்போது ஏறுகாற்று அதில் அமுங்கிவிடும். பெரிய காற்று ஓய்ந்து, வெயில் உறைக்கும் மார்ச் முதல் மே வரையிலான மாதங்களே ஏறுகாற்றின் காலம். கிழக்குச் சரிவில் ஏறிய காற்றும் மேற்குச் சரிவில் ஏறிய காற்றும் முகட்டில் சந்திக்கின்றன. போக வேறு வழியின்றி இரண்டும் மேலே எழுகின்றன. போதிய ஈரமிருந்தால் மேகம் கோபுரமாய் வளர்ந்து பிற்பகலில் இடியும் மழையுமாகக் கொட்டும். இந்தக் கோடை மழைதான் வறண்ட மாதங்களில் முடங்கியாற்றுக்கும், செண்பகத்தோப்பின் ஓடைகளுக்கும், வத்திராயிருப்பை அடுத்த பிளவக்கல் அணைகளுக்கும் உயிர் தருகிறது. ஓடைக்கரை மரங்களையே பெரிதும் நம்பி வாழும் நரை அணிலுக்காக இம்மலையில் 1988-இல் சரணாலயம் அமைக்கப்பட்டது. 2021-இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. மேகமலை என்ற பெயரே ஏறுகாற்றின் வேலையைச் சொல்லவில்லையா?

பருந்தும் கழுகும் ஏறுகாற்றை நன்கறிந்தவை. இறகை அசைக்காமல் சரிவின் ஓரத்தில் வட்டமிட்டு உயரே போவதைக் காணலாம். தன் உடல்வலிமையைச் செலவிடாமல் காற்றின் தோளில் ஏறிச் செல்கின்றன.

தீ மலையேறினால்...

காற்றும் தீயும் சேர்ந்து மலையேறும்போதுதான் ஆபத்து. சமவெளியில் எரியும் தீயின் சுடர் நேர் மேலே நிற்கும். சரிவிலோ, ஏறுகாற்று சுடரை மேற்பக்கம் சாய்க்கிறது. சரிவும் சுடரை நோக்கி உயர்ந்திருக்கிறது. இதனால் மேலேயுள்ள காய்ந்த புல், தீ தொடுமுன்பே காய்ந்து சூடாகிப் பற்றத் தயாராகிவிடுகிறது. சரிவு 10 பாகை கூடினால், மேல்நோக்கி ஓடும் தீயின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது காட்டுத்தீ வல்லுநர்கள் கையாளும் தோராயக் கணக்கு. 30 பாகைச் சரிவில் அது எட்டு மடங்கு!

இதே மலைத்தொடரில், வடக்கே தேனி மாவட்டத்தின் குரங்கணியில், 2018 மார்ச் 11-ஆம் நாள் பிற்பகல் காய்ந்த புல் மூடிய சரிவில் பரவிய தீயில் மலையேற்றத்துக்குச் சென்றவர்கள் சிக்கினர். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மார்ச் மாதம், வறண்ட புல், பிற்பகல், செங்குத்துச் சரிவு ஆகியவை ஒன்றுசேர்வது எத்துணைக் கொடியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. தீக்கு மேற்பக்கமாக ஓடி மனிதன் தப்புவது அரிது. புகை கண்டவுடன், அது தொலைவில் இருக்கும்போதே, பக்கவாட்டில் விலகி, எரிவதற்குப் புல்லில்லாத பாறைவெளியையோ ஓடைப்படுகையையோ நாட வேண்டும். குறுகிய செங்குத்தான பள்ளத்திற்குள் மட்டும் நுழையக் கூடாது. அது புகைபோக்கி போலத் தீயை உறிஞ்சி மேலே இழுக்கும். கோடையில் அடிவாரத்தில் வீசியெறியப்படும் ஒரு பீடித்துண்டுக்குக்கூட முகடுவரை ஏற வழி உண்டு.

ஓடை ஏன் திடீரென்று பொங்குகிறது?

மற்றோர் ஆபத்து, ஏறுகாற்று உருவாக்கிய மழையே. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடமேற்கே தாணிப்பாறையிலிருந்து சதுரகிரிக்கு ஏறும் வழி ஓடைகளைக் கடந்து செல்கிறது. 2015 மே மாதத்தில் அங்குத் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் சிலர் உயிரிழந்தனர். மே மாதம் மழைக்காலம் அன்றே, வெள்ளம் எப்படி வந்தது என்று பலர் வியந்தனர். மேலே நாம் பார்த்ததை நினைத்தால் வியப்புக்கு இடமில்லை. கோடைப் பிற்பகலில் முகட்டில் திரண்ட மேகம் அங்கேயே கொட்டுகிறது. பாறைச் சரிவு நீரை உறிஞ்சாது. செங்குத்தான ஓடை அதைத் தேக்காது. கீழே ஓடைக்கரையில் நிற்பவர் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். முகட்டில் பெய்யும் மழை அவர் கண்ணில் படுவதேயில்லை. நீர்தான் முதலில் வந்து சேருகிறது.

எனவே மலையடிவாரத்தில் தலைக்கு மேலுள்ள வானத்தைப் பார்த்தால் போதாது. முகட்டைப் பார்க்க வேண்டும். தெளிந்த ஓடைநீர் திடீரெனக் கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, மேலிருந்து இரைச்சல் கேட்பது ஆகியவை வெள்ளத்தின் முன்னறிவிப்புகள். அப்போது ஓடையைக் கடக்க முயலாமல் கரையில் உயரமான இடத்திற்குச் செல்வதே அறிவுடைமை. மழை நாட்களில் வனத்துறையினர் மலையேறத் தடை விதிக்கும்போது, “இங்கே மழையே இல்லையே!” என்று வாதிடுவதில் பொருளில்லை.

இறங்கும் காற்று

இரவில் சரிவு வெப்பத்தை இழந்து குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து, நீர் வழிவது போல் ஓடைகளின் வழியே இறங்குகிறது. இதற்குக் ‘கட்டபாட்டிக்’ காற்று என்று பெயர். ‘கட்டா’ என்றால் கிரேக்கத்தில் கீழ்நோக்கி. அடிவாரத் தோப்புகளில் முன்னிரவில் தவழும் குளிர்ச்சி பெரும்பாலும் இதனுடையது.

இங்கே தென்றல் போல் இருக்கும் இக்காற்று, அண்டார்டிகாவில் அசுர உருவம் எடுக்கிறது. பனிமேட்டில் உறைந்த காற்று கடற்கரையை நோக்கிச் சரிகிறது. 1912-13-இல் டக்ளஸ் மாசன் குழுவினர் தங்கிய டெனிசன் முனையில், ஆண்டுச் சராசரிக் காற்று வேகமே மணிக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர்! விதி ஒன்றுதான், சரிவும் குளிரும்தான் வேறு.

இந்த ஏற்ற இறக்கத்தை அடிவார விவசாயிகளும் பயன்படுத்திக்கொள்ளலாம். மாந்தோப்பிலும் தென்னந்தோப்பிலும் மருந்து தெளிக்கும்போது, தூவல் முற்பகலில் காட்டுப்பக்கமும், அந்திக்குப் பின் ஊர்ப்பக்கமும் நகரக்கூடும். தெளிக்குமுன் சிறிது புகை போட்டு அது எப்பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு தகரத் தகட்டுக்குக் கறுப்பு வண்ணம் பூசி, காற்றில்லாத முற்றத்தில் வெயிலை நோக்கிச் சாய்த்து வையுங்கள். கால்மணி நேரம் கழித்து, எரியும் ஊதுவத்தியை அதன் கீழ் விளிம்பருகே பிடியுங்கள். புகை நேர் மேலே போகாமல் தகட்டைத் தழுவிக்கொண்டு ஏறுவதைக் காணலாம். பிறகு தகட்டை நிழலில் வைத்து, அதன்மேல் பனிக்கட்டி வைத்த ஈரத்துணியை விரித்து, அதே ஊதுவத்தியை மேல் விளிம்பருகே பிடியுங்கள். புகையின் ஒரு பகுதி துணியை ஒட்டிக் கீழே வழியும். முதலாவது மலையின் பகல். இரண்டாவது மலையின் இரவு.

விடுமுறையில் ஒரு வாரம், காலை எட்டு மணி, நண்பகல், மாலை நான்கு மணி ஆகிய வேளைகளில் முகட்டில் மேகம் இருக்கிறதா, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று குறித்து வையுங்கள். எந்த நாள் மேகம் சீக்கிரம் திரண்டதோ, அந்த நாள் மாலை மழை பெய்ததா என்றும் எழுதுங்கள். ஒரு மாதத்தில், மலையைப் பார்த்தே ஓடைக்குப் போகலாமா கூடாதா என்று சொல்லும் பழக்கம் உங்களுக்கு வந்துவிடும். இதற்கு எந்தக் கருவியும் வேண்டா. ஒரு நோட்டுப் புத்தகமும், மேற்கே தெரியும் மலையும் போதும்.